விருத்தாசலத்துச் சூளையோரம்

விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் குறுக்கு இருப்புப் பாதையில், கடலூரிலிருந்து வரும் பாதையும் சேலத்துக்குப் போகும் பாதையும் வந்து கூடுமிடம் விருத்தாசலம். விடியற்காலையில் அச்சந்திப்பில் நாம் இறங்கியபோது, நடைமேடையில் தேநீர் விற்பவரின் குரலைத் தவிர வேறு ஓசை இல்லை.

நாம் வந்த காரணம் மிகச் சிறியது. நம் பங்கு ஆலயத்தில் கிறிஸ்மஸ் குடிலுக்கு வைக்கும் சுரூபங்கள் பல ஆண்டுகள் உழைத்துக் களைத்துவிட்டன. சூசையப்பருக்கு ஒரு கை இல்லை. மூன்று ஞானிகளுள் ஒருவர் சென்ற ஆண்டு தலையின்றியே பாலன் இயேசுவைத் தரிசித்தார். பீங்கானில் செய்தால் எறும்பும் அரிக்காது, ஈரமும் தாக்காது என்று பங்குத் தந்தை கூறவே, இளைஞர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். நமது பையில் மற்றொரு பொருளும் இருந்தது. அது நம் பங்கு இளைஞர்கள் எழுதிய விண்ணப்பம். உலகில் எங்கெல்லாம் விசுவாசத்துக்காக மக்கள் கொல்லப்படுகிறார்களோ, அங்கெல்லாம் வல்லரசுகள் உடனே படை அனுப்பி அவர்களைக் காக்க வேண்டும், நம் அரசும் அதற்குத் துணை நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். பார்வையிட்டு முதற்கையொப்பம் இட்டுத் தருமாறு நம்மிடம் கொடுத்திருந்தனர். கையொப்பம் இடுவதில் நமக்கு அப்போது தயக்கம் எதுவும் இருக்கவில்லை.

விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில் கோபுரங்கள் நெடுந்தொலைவிலிருந்தே தெரிகின்றன. சுந்தரர் இங்கே பெற்ற பொன்னை ஆற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது ஊர் மக்கள் சொல்லும் வரலாறு. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்னும் வழக்கு அதனால் எழுந்ததாம். இந்த வழக்கு அன்று மாலைக்குள் வேறொரு பொருளில் நம் நினைவுக்கு வரும் என்று அப்போது நாம் அறியோம்.

இக்காலத்தில் ஊருக்குப் பெயர் தேடித் தந்திருப்பது களிமண். அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகப் பூமியை அகழும்போது, மேலே படிந்துள்ள வெண்களியையும் எடுக்க வேண்டியிருக்கிறது. நிலக்கரி மின்சாரமாகிறது, களி பீங்கானாகிறது. செராமிக் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் இங்கே எழுந்ததற்கு இதுவே காரணம். தேநீர்க் கோப்பை, ஊறுகாய் ஜாடி, கழிப்பறைச் சாமான், மின்சாரப் பெட்டியில் செருகும் பியூஸ் கட்டை, கொலுப் பொம்மை என்று நம் வீட்டின் எல்லா மூலைகளிலும் இவ்வூர் இருக்கிறது. நாம்தான் அதை அறிவதில்லை.

நாம் சென்ற கொட்டகை சிறியது. களியையும் அரைத்த கல்மாவையும் நீரில் கலந்து பாலேடு போன்ற கூழாக்குகின்றனர். அதைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றியதும் அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, உட்புறச் சுவரில் களி தோல்போலப் படிகிறது. எஞ்சிய கூழைக் கவிழ்த்துவிட்டு, சிறிது பொறுத்து அச்சைப் பிரித்தால் உள்ளே ஒரு மேய்ப்பன் நிற்கிறான், சாம்பல் நிறத்தில், கண் திறவாமல். பிறகுதான் பொறுமை தேவைப்படுகிறது. நிழலில் உலர்த்த வேண்டும். பிசிறு சீவ வேண்டும். மெருகுக் கூழில் தோய்க்க வேண்டும். அதன் பின்னரே சூளை. உள்ளே ஈரம் தங்கியிருக்க நெருப்பை அவசரமாக ஏற்றினால், பொம்மை வெடித்துத் தன் அருகிலுள்ள பொம்மைகளையும் கெடுத்துவிடுமாம்.

பிசிறு சீவும் பலகையருகே எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். கழுத்தில் செபமாலை. பேச்சில் கடல் கடந்த தமிழின் சாயல். விசாரித்தோம். மன்னார்த் தீவைச் சேர்ந்தவர். 1990ஆம் ஆண்டில் படகேறி இராமேசுவரம் கரை சேர்ந்து, மண்டபம் முகாமில் இருந்து, பின்னர் மகள் வாழும் இவ்வூருக்கு வந்தவர்.

சுரூபங்களை வைக்கோலிலும் பழைய செய்தித்தாளிலும் பொதிந்து கட்டுவது இங்கு வழக்கம். நம்முடன் வந்த இளைஞர் ஒரு தாளைப் பிரித்துப் பார்த்தார். ஈராக்கு நாட்டு மோசூல் நகரைப் பற்றிய பழைய செய்தி. 2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்நகரைக் கைப்பற்றிய தீவிரவாதிகள், கிறிஸ்தவர்கள் மதம் மாற வேண்டும், அல்லது வரி கட்ட வேண்டும், அல்லது வெளியேற வேண்டும், இல்லையேல் வாளுக்கு இரையாக வேண்டும் என்று ஜூலையில் ஆணையிட்டனர். அவர்களுடைய வீட்டுச் சுவர்களில் அடையாள எழுத்தும் எழுதினர். இளைஞரின் முகம் சிவந்தது. “இவ்வளவு பெரிய உலகத்தில் ஒரு நாடாவது படை அனுப்பக் கூடாதா?” என்றார்.

பெரியவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். “எங்கட ஊருக்கும் அப்படித்தான் படை கேட்டவை, தம்பி. கேட்டவர் சவேரியார் சுவாமி” என்றார்.

இளைஞர் நம்மைப் பார்த்தார். நாம் பெரியவரைப் பார்த்தோம். மன்னார் வேதசாட்சிகளின் வரலாற்றை நாம் படித்ததுண்டு. ஆயினும் அவ்வேதசாட்சிகளின் மண்ணில் பிறந்தவர் வாயால் கேட்பது வேறு. அவர் சொன்னதையும் நாம் அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

1544ஆம் ஆண்டில், முத்துக்குளித்துறையில் புனித சவேரியார் ஆற்றிய பணியைக் கேள்வியுற்ற மன்னார்த் தீவின் மக்கள், தங்களுக்கும் திருமுழுக்கு வேண்டுமென ஆளனுப்பினர். சவேரியார் தம்மால் வர இயலாமையால் வேறொரு குருவை அனுப்பிவைத்தார். ஏராளமானோர் ஞானஸ்நானம் பெற்றனர். அப்போது மன்னாரும் யாழ்ப்பாண அரசுக்கு உட்பட்டது. மன்னன் சங்கிலி படையுடன் வந்து, மறுதலிக்க மறுத்தவர்களை வெட்டிக் கொன்றான். ஆண், பெண், குழந்தை என்று உயிர் நீத்தோர் 600 முதல் 700 பேர் என வரலாறு கூறும். மன்னனின் கொடுமையை நாம் சிறிதும் மறைக்கவில்லை. ஆனால் அவனுக்கிருந்த அச்சத்தையும் சொல்வதே நேர்மை. எதிர்க்கரையில் 1535ஆம் ஆண்டு தொடங்கி ஞானஸ்நானம் பெற்ற பரதவர், அதனுடன் போர்த்துக்கீசரின் பாதுகாப்பையும் பெற்று அவர்களுடைய குடிகளாயினர். மன்னாரிலும் முத்துண்டு, மக்கள் மதம் மாறினால் தீவு கைமாறும் என்று அவன் கணக்கிட்டான். பின்னர் நடந்தவற்றைப் பார்க்கும்போது அவன் கணக்கு முற்றும் தவறென்று சொல்வதற்கில்லை.

செய்தி கேட்ட சவேரியார் துடித்துப் போனார். போர்த்துக்கீச ஆளுநர் மார்த்தீன் அபோன்சோ தெ சூசாவைக் கண்டு முறையிட்டார். மன்னன் தண்டிக்கப்பட வேண்டும், கிறிஸ்தவனாக வாக்களித்திருந்த அவன் சகோதரன் அரியணை ஏற வேண்டும் என்பது திட்டம். ஆளுநரும் இசைந்தார். படைக்கலங்கள் நாகப்பட்டினத்தில் கூட வேண்டுமென ஆணை பிறந்தது. 1545ஆம் ஆண்டில் சவேரியார் நாகப்பட்டினம் வந்து காத்திருந்தார்.

கப்பற்படை புறப்படவில்லை. காரணத்தை அவருடைய கடிதத்திலிருந்தே அறிகிறோம். பெகு நாட்டிலிருந்து சரக்கேற்றி வந்த போர்த்துக்கீச அரசரின் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டி நின்றது. சரக்கு முழுவதையும் யாழ்ப்பாண மன்னன் பற்றிக்கொண்டான். போர் தொடுத்தால் சரக்கு திரும்பாது. எனவே போர் ஒத்திவைக்கப்பட்டது. சவேரியார் மயிலாப்பூருக்குச் சென்று, புனித தோமையாரின் கல்லறையருகே நான்கு மாதங்கள் தங்கிச் செபித்துவிட்டு, மலாக்காவுக்குக் கப்பலேறினார்.

“700 உசிரும் ஒரு தட்டு. ஒரு கப்பல் சரக்கு மற்றத் தட்டு. எந்தத் தட்டுத் தாழ்ந்தது எண்டு பாருங்கோ” என்றார் பெரியவர். நியாயத்தை மன்னாரில் இழந்துவிட்டுப் பெகு நாட்டுச் சரக்கில் தேடினார்கள் போலும் என்று நமக்கு ஊர் வழக்கு நினைவுக்கு வந்தது.

சுரூபங்களைக் கட்டி முடிக்க மாலையாகும் என்றார் உரிமையாளர். ஆகவே முகாசாபரூர் அருகேயுள்ள கோணான்குப்பத்துக்குப் பேருந்து ஏறினோம். வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி அன்னை திருத்தலம் அங்கேதான் உள்ளது. தேம்பாவணியுடன் சேர்த்துப் பேசப்படும் தலம் அது. பழமலைநாதர் கோயில் அம்மனுக்கும் பெரியநாயகி என்றொரு பெயருண்டு. அந்நாட்டார் நாவில் ஊறிய அதே பெயரைத் தேவதாய்க்குச் சூட்டி, தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் அவளை அமர்த்தினார் இத்தாலிய நாட்டு முனிவர். அவருக்குப் பின்னால் பீரங்கி எதுவும் வரவில்லை. ஆலய முற்றத்து மர நிழலில் அமர்ந்து, பையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்து மடியில் விரித்தோம். காலையில் எளிதாகத் தெரிந்த வாக்கியம் இப்போது எளிதாகத் தெரியவில்லை.

சவேரியாரைக் குறை கூற நாம் யார்? தம் ஞானப்பிள்ளைகள் வெட்டுண்டதைக் கேட்டு, நிறுத்த வல்லவன் எவனோ அவனிடம் ஓடுவதே தகப்பனின் இயல்பு. அன்றைய இறையியலும் அவர் பக்கமே நின்றது. 1539ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுச் சலமாங்காப் பல்கலைக்கழகத்தில் தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா ஆற்றிய உரைகள் புகழ்பெற்றவை. ஒரு மக்கள் கிறிஸ்தவரல்லர் என்பதற்காக அவர்கள் மீது போர் தொடுப்பது அநீதி என்று அவர் துணிந்து கூறினார். மனந்திரும்பியவர்களை அவர்களுடைய அரசர்கள் வன்முறையால் விசுவாசத்தை விடச் செய்தால், அவர்களைக் காக்கப் படை எடுக்கலாம் என்றும் கூறினார். ஆனால் உடனே ஓர் எச்சரிக்கையும் சேர்த்தார்: நியாயமாகத் தொடங்கும் போரும், அதனால் விளையும் கேடு பெரிதானால் விலக்கத்தக்கதே.

கேடு பெரிதாயிற்றா? 1560ஆம் ஆண்டில் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ தெ பிரகான்சா தலைமையில் படை வந்தேவிட்டது. நல்லூர் வீழ்ந்தது, மன்னன் ஓடினான். ஆனால் மக்கள் கிளர்ந்தெழவே, படை யாழ்ப்பாணத்தைக் கைவிட்டு மன்னார்த் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டிக்கொண்டது. பௌத்தர்கள் புத்தரின் பல்லென வணங்கிய ஒன்றை அள்ளிச் சென்றது. பெகு மன்னன் பெரும் பொருள் தர முன்வந்தும் கொடுக்காமல், 1561இல் கோவாவில் அதைப் பொடியாக்கி எரித்தனர். 1619இல் யாழ்ப்பாணம் முழுவதும் அவர்கள் கைக்குப் போயிற்று. கடைசி மன்னன் கோவாவில் மரண தண்டனை பெற்றான். நல்லூர்க் கந்தசாமி கோயில் இடிக்கப்பட்டது. மன்னாரில் வெட்டப்பட்டோருக்கு நீதி கேட்ட கதை, வேறொரு மக்களின் வழிபாட்டிடத்தை உடைப்பதில் வந்து நின்றது. இதைப் படிக்கும்போது கத்தோலிக்கராகிய நாம் தலை குனியத்தான் வேண்டும்.

அந்தக் கோட்டைகளும் நிலைக்கவில்லை. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. இப்போது வேதகலகம் கத்தோலிக்கர் மீதே பாய்ந்தது. குருக்கள் துரத்தப்பட்டனர், குருவுக்கு வீட்டில் இடமளித்தால் மரண தண்டனை என அறிவிக்கப்பட்டது. மாந்தைப் பக்கத்து விசுவாசிகள் 1670இல் தங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனதாக மரபு. மடுத் திருத்தலத்தின் தொடக்கம் அதுவே. அவர்களைக் காக்க அம்முறை படை எதுவும் வரவில்லை. 1687இல் கோவாவைச் சேர்ந்த குரு ஒருவர் ஏழைக் கூலியாளின் கந்தலை உடுத்திக்கொண்டு யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். அவர் சூசை வாஸ் முனிவர். இரவில் வீடு வீடாகச் சென்று பூசை வைத்தார். கண்டியில் ஒற்றன் எனச் சிறைப்பட்டார். பின்னர் அதே கண்டியின் பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனே அவருக்குப் பாதுகாப்பளித்தான். அம்மை நோய் பரவியபோது, உறவினர் கைவிட்டோரையும் அவர் தம் கையால் கழுவினார். 1711இல் இறந்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தி, அன்றே மடுவுக்கும் சென்று செபித்தார். இலங்கைத் திருச்சபை இன்று வேரூன்றி நிற்பது 1560இன் படையாலன்று, இவருடைய கந்தலாலே என்பது நம் துணிபு.

இவ்வளவும் எண்ணியபின், படை என்பதே பாவம் என்று எழுதிவிடலாமா? அதற்கும் மனம் இடங்கொடுக்கவில்லை. 1971ஆம் ஆண்டு நம் கண்முன் நிற்கிறது. மார்ச்சு 25ஆம் நாள் கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவம் வேட்டையைத் தொடங்கிற்று. வங்காளியர் யாவரும் துன்புற்றனர். அவர்களுள்ளும் இந்துக்கள் இந்துக்களாக இருந்தமைக்காகவே தேடித் தேடிக் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் நம் எல்லைக்குள் வந்தனர். டிசம்பர் 3இல் மூண்ட போர் 16இல் முடிந்தது. இந்தியாவுக்கும் அதில் தன்னலம் உண்டு, இல்லையென்பது பொய். போர் நடந்துகொண்டிருக்கையில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் 104 நாடுகள் போர்நிறுத்தம் கோரி வாக்களித்தன. ஆயினும் கொலை நின்றது. அகதிகள் வீடு திரும்பினர். இந்தியப் படை 1972 மார்ச்சுக்குள் வங்கதேசத்தை விட்டு வெளியேறியது. இந்த வெளியேறுதலைத்தான் நாம் பெரிதாக மதிக்கிறோம். மன்னாருக்கு வந்தவர்கள் கோட்டை கட்டினார்கள். டாக்காவுக்குச் சென்றவர்கள் திரும்பினார்கள்.

திருத்தந்தையரும் இவ்விரு பக்கங்களையும் பார்த்தே பேசினர். மக்கள் கூட்டம் ஒன்று அழிவின் விளிம்பில் நிற்கையில் உலகம் தலையிடுவது கடமை என்று 1992இல் இரண்டாம் அருள் சின்னப்பர் உரோமையில் அறிவித்தார். அவரே 2003இல் ஈராக்குப் போரை முழு மூச்சுடன் எதிர்த்தார். அப்போருக்கு முன் அந்நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேல் எனக் கணிக்கப்பட்ட கிறிஸ்தவர்கள், அதன்பின் எழுந்த குழப்பத்தில் சில இலட்சங்களாகச் சுருங்கினர். கொடுங்கோலனை வீழ்த்த வந்த படை, சிறுபான்மையோரைக் காத்திருந்த கூரையையும் சேர்த்துப் பிரித்துவிட்டது. மோசூல் துயரின்போது திருத்தந்தை பிரான்சிஸ், அநியாயமாகத் தாக்குபவனைத் தடுத்து நிறுத்துவது முறையே என்றார். ஆனால் நிறுத்துவது என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். அந்தச் சாக்கில் வல்லரசுகள் பிற நாடுகளைப் பிடித்துக்கொண்ட வரலாற்றையும், ஒரு நாடு தனித்து இதைத் தீர்மானிக்கலாகாது என்பதையும் உடன் நினைவூட்டினார். அதே 2014 ஆகஸ்டில் சிஞ்சார் மலையில் சிக்கித் தவித்த யசீதி மக்களுக்கு வானிலிருந்து உணவும் நீரும் போடப்பட்டன. அவர்களைச் சூழ்ந்தோர் மீது குண்டு வீசப்பட்டது. அம்மலையில் நின்ற தாயிடம் போய், படை கூடாது என்று நம்மால் சொல்ல இயலுமா? இயலாது.

மாலையில் விருத்தாசலம் திரும்பினோம். கட்டு தயாராக இருந்தது. பெரியவர் கை கழுவிக்கொண்டிருந்தார். காலையில் கேட்க மறந்ததைக் கேட்டோம்: அவர் வாழ்நாளிலும் இந்தியப் படை வந்ததே, அது எப்படி? அவர் சற்று நேரம் பேசவில்லை. “காக்க வந்தவையெண்டு மாலை போட்டனாங்கள். பிறகு எங்கட பிள்ளையளும் செத்தது, அவையளின்ர பிள்ளையளும் செத்தது” என்றார். 1987இல் சென்று 1990இல் திரும்பிய அமைதிப்படையில் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர் மாண்டனர். வீடு திரும்பாத அவர்களுள் நம் ஊர்களின் பிள்ளைகளும் உண்டு.

இளைஞர் மெல்ல விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னார். பெரியவர் அதைக் கண்ணருகே பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு கேட்டார்: “படை கேட்டு எழுதியிருக்கிறியள். ஓடி வாறவைக்கு இடம் கேட்டு ஒண்டும் எழுதேல்லையே?”

நமக்கு மறுமொழி கிடைக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் இருந்தும் அவர் குடிமகனல்லர். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த ஆறு சமயத்தாருக்குக் குடியுரிமை வழி திறந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நம் நாடு கையொப்பமிடவுமில்லை. தொலைதூர நாட்டுக்குப் படை அனுப்பச் சொல்லும் நம் தாளில், பக்கத்து முகாமைப் பற்றி ஒரு வரி இல்லை. நம் பங்கிலிருந்து அத்தகைய முகாம் ஒன்று எத்தனை கல் தொலைவு என்று இளைஞரைக் கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. வெட்கத்துடன் சொல்கிறோம், நமக்கும் தெரியவில்லை.

இரயில் வரும்வரை சந்திப்பின் காத்திருப்போர் அறையில் அமர்ந்து தாளைத் திருத்தினோம். ‘வல்லரசுகள் உடனே படை அனுப்பி’ என்ற சொற்களை அடித்தோம். இளைஞர் விடவில்லை, சிஞ்சார் மலையை நமக்கே திருப்பிச் சொன்னார். கடைசியில், கொலையை நிறுத்த வேறு வழியே இல்லாதபோது, பல நாடுகள் கூடி முடிவெடுத்து, நிறுத்தும் அளவே செயற்பட்டு, நிறுத்தியபின் வெளியேற வேண்டும் என்று அந்த வரி நீண்டது. அதற்கு மேலே, முதல் வரியாக, துன்பத்துக்குத் தப்பி வருவோர் எச்சமயத்தவராயினும் அவர்களுக்கு இந்நாட்டில் சட்டப்படி இடமளிக்க வேண்டும் என்று எழுதினோம். ஞாயிறு கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு வரும் என்றார் இளைஞர். வரட்டும். கையொப்பத்தை அதன்பின் இடுவோம் என்று தாளை மடித்து வைத்தோம்.

கட்டில் நாம் கேட்காத ஒரு பொருளும் இருந்ததை வண்டியில்தான் கண்டோம். ஒரு கழுதை. சூளையில் ஒரு காது மூளியானதால் விலை போகாதது. மேலே சுற்றிய தாளில் பென்சிலால், ‘எகிப்துக்குப் போக’ என்று எழுதியிருந்தது.